அமைச்சருக்குப் பிடிக்காத இடம்

இது நடந்தது புதுவல்லம் குவிமாடத்திலா, அதற்கு வடக்கே இருந்த வேறொரு குவிமாடத்திலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் செவ்வாயில் எல்லாக் குவிமாடங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் சொந்த ஊரே அடையாளம் தெரியாது. அமைச்சர் அன்று அணிந்திருந்தது அவருடைய வழக்கமான வெள்ளைச் சட்டையா, கைதிகளுக்குரிய நீலச் சட்டையா என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. ஆனால் சிறைக்குள் எலுமிச்சை மரங்கள் இருந்தன. அதில் சந்தேகமே இல்லை. காற்றைக்கூட அளந்து விடும் ஊரில் அந்த வாசனை மட்டும் அளவில்லாமல் தெரு வரைக்கும் வரும்.

புதுவல்லம் என்றே வைத்துக்கொள்வோம்.

பிரகாசி தினமும் காலையில் காற்று நிலையத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் சிறை வாசலில் வரிசையில் நிற்பாள். தன் கணவன் மிக்கேலுக்கு உள்ளே ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்பதற்காக. வரிசையில் நின்ற மற்றவர்களும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். சிலர் பிள்ளைக்காக, சிலர் மருமகனுக்காக. பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க வந்தவர்களைப் போல நல்ல துணி உடுத்தி, தலையைப் படிய வாரி, கையில் சிபாரிசுகளோடு நின்றார்கள்.

அன்று அவளுக்கு முன்னால் நின்ற அம்மாள் பட்டுப் புடவையில் இருந்தாள். பக்கத்தில் வாட்டசாட்டமான மகன்.

"எம்மவன் சிவப்பு விளக்கத் தாண்டிட்டான்" என்றாள் அந்த அம்மாள், கேட்காமலே. "போலீசுக்கு முன்னாலயே தாண்டுனான். இஞ்சினியருக்குப் படிச்சவன். எதச் செஞ்சாலும் சுத்தமாச் செய்வான்."

"எத்தன தடவ தாண்டுனாரு?" என்று கேட்டாள் பிரகாசி.

"ஒரு தடவதான்."

"ஒரு தடவைக்கெல்லாம் இப்ப குடுக்க மாட்டேங்காவ. எங்க தெருவுல ஒருத்தரு மூணு தடவ தாண்டிப் பாத்துட்டு, நாலாவது தடவ நடுரோட்டுலயே படுத்துக்கிட்டாரு. அப்பறந்தான் அஞ்சு மாசம் கெடச்சுது."

அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். படிக்காமல் பரீட்சைக்குப் போனவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

சிறைக் கண்காணிப்பாளர் கமருன்னிசா வாசலுக்கு வந்தார். நல்ல பெண்மணி. இல்லை என்று சொல்லிச் சொல்லியே குரல் கரகரத்துப் போனவர்.

"இடம் இல்ல பிரகாசி."

"நேத்தும் இதத்தான சொன்னிய."

"நாளைக்கும் இதத்தான் சொல்லப்போறேன். நீ வராம இருந்தா எனக்குத் தொண்டை மிச்சம், உனக்குக் கால் மிச்சம்."

"அப்ப நேத்து சாய்வு நாற்காலியத் தூக்கிட்டு ஒருத்தரு உள்ள போனாரே, அவரு யாரு?"

"அவரு கோட்டா" என்று சொல்லிவிட்டு கமருன்னிசா குரலைத் தாழ்த்தினார். "அமைச்சரோட சகலை. போன மாசம் நூலகத்துல சத்தமாப் பேசுனாராம்."

சிறை எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் புதுவல்லத்துச் சிறையில் காற்று மெலிந்திருக்கும். தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது பாதியாக வருவார்கள். அதைப் பற்றிப் பல குழுக்கள் பல அறிக்கைகள் கொடுத்தன. கடைசியில் யாரோ ஒரு சீர்திருத்தவாதி ஒரே வரியில் ஒரு சட்டம் எழுதினார்: சிறையை ஆள்பவர், மாதத்தில் ஒரு வாரம் அந்தச் சிறையில், கைதிகளின் அறையில், கைதிகளின் உணவை உண்டு வாழ வேண்டும்.

சிறைத்துறை அமைச்சர் தணிகாசலம் முதல் வாரம் முடிந்து வெளியே வந்ததும் நேரே அலுவலகத்துக்குப் போய், கழிவறைகளுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாய்கள் மாறின. தரமான காற்று வந்தது. செவ்வாயின் மாலை வானத்தைப் பார்க்க ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல் வந்தது. அந்த நீலநிறச் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்க ஊரிலேயே வேறு சன்னல் கிடையாது. சமையலுக்கு நல்ல ஆள் வந்தார். எலுமிச்சைத் தோட்டம் வந்தது. பிறகு அமைச்சருக்கு ஒரு வாரம் போதவில்லை. ஆய்வு இன்னும் முடியவில்லை என்று எழுதிவிட்டு மாதம் முழுவதும் உள்ளேயே தங்கத் தொடங்கினார். அவருடைய சுற்றமும் நட்பும் சின்னச் சின்னக் குற்றங்களோடு பின்னால் வந்து சேர்ந்தன.

சட்டம் எழுதியவர் மீது எனக்குக் குறையில்லை. அவர் நினைத்தது நடந்தது. சிறை நன்றாகிவிட்டது. அதில் கைதிகளுக்குத்தான் இடமில்லை.

இப்போது மிக்கேல் செய்த குற்றம்.

மிக்கேல் பனிவெட்டுக் குழுவில் வண்டியோட்டி. பருவம் தொடங்கியதும் அந்தக் குழு வட துருவத்துக்குப் போய், மலைபோல் கிடக்கும் பனிக்கட்டியை வெட்டி ஊருக்குக் கொண்டுவரும். புதுவல்லம் குடிக்கும் தண்ணீரெல்லாம் அதுதான். ஆனால் அவன் குடியிருந்த ஏழாம் குழாய்த் தெருவில் அந்தத் தண்ணீர் வராது. வந்தால் துருவும் செம்புழுதியுமாக வரும். தெரு முனையில் ஒரு குறைகேள் எந்திரம் நின்றது. மனித உயரம், உருண்டைத் தலை, சிரிக்கும் வாய். மிக்கேல் ஒவ்வொரு நாளும் அதனிடம் போய்க் குறை சொல்வான். அது ஒவ்வொரு நாளும், "தங்கள் குறை கனிவுடன் பரிசீலிக்கப்படுகிறது" என்று சொல்லும். ஒருநாள் ஸ்பானரை எடுத்து அதன் வாயில் ஒரு போடு போட்டான். வாய் கழன்று விழுந்த பிறகும் உள்ளேயிருந்து "கனிவுடன், கனிவுடன்" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்று மாதச் சிறை. நியாயமான தீர்ப்பு. அவனே ஒப்புக்கொண்டான்.

புதுவல்லத்தில் எல்லோருக்கும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ஒரு கைச்சில்லு உண்டு. நாடித்துடிப்பைக் காட்டுவதும் கதவுகளைத் திறப்பதும் அதுதான். தண்டனை நிலுவையில் இருப்பவருக்கு அது மஞ்சளாக ஒளிரும். மஞ்சள் சில்லுக்குப் பணியிடக் கதவுகள் எதுவும் திறக்காது. பனிப் பருவம் தொடங்குவதற்குள் மிக்கேல் தண்டனையை முடிக்காவிட்டால், அவன் இடத்தில் ஒரு வண்டியோட்டி எந்திரத்தை உட்காரவைத்துவிடுவார்கள். எந்திரம் உட்கார்ந்த இடத்திலிருந்து மனிதனுக்காக எழுந்ததாக இதுவரை கதை கிடையாது. பருவத்துக்கு நான்கு மாதமே இருந்தது.

"நான் செஞ்ச குத்தத்துக்கு என்னய உள்ள வைக்கக்கூட இந்த ஊர்ல நாதி இல்லையா?" என்பான் மிக்கேல், வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டு.

"நாளைக்கு அமைச்சரையே பாத்துக் கேட்டுட்டு வாரேன்" என்றாள் பிரகாசி.

அமைச்சரைப் பார்ப்பது சுலபம். அவர்தான் சிறையிலேயே இருந்தாரே. எலுமிச்சை மரத்தடியில் ஒரு கல்லிருக்கையில் உட்கார்ந்து, சாறு அருந்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஓய்வு பெற்றவர்களின் சாந்தம்.

"வாங்கம்மா, உட்காருங்க. காத்து எப்படி இருக்கு பாத்தீங்களா?"

"நல்லா இருக்கு அய்யா. நான் காத்து நெலயத்துலதான் வேல பாக்கேன். எங்க தெருக் காத்துல பாதிய இங்கதான் திருப்பி விடுதோம்."

அமைச்சர் மென்மையாகச் சிரித்தார். அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்பதில் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா அவசரம்? சிறைக்குப் போகணும்னு இவ்வளவு துடிக்கிறாரே. வெளியில சுதந்திரமாத்தானே இருக்காரு?"

"சுதந்திரம் இருக்கு அய்யா. தண்ணிதான் இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல வேலையும் இருக்காது."

அமைச்சர் பெருந்தன்மையோடு சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். மன்னிப்புக் கொடுத்துடறேன். அந்தக் குறைகேள் எந்திரத்துக்கு முன்னாடி போய் நின்னு, தெரியாம அடிச்சிட்டேன், மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. சில்லு பச்சையாயிடும்."

வீட்டில் இதைக் கேட்ட மிக்கேல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அதுகிட்ட நான் மன்னிப்புக் கேக்கவா? ஏட்டி, தெரியாம அடிக்கல. தெரிஞ்சேதான் அடிச்சேன். அடிச்சதுக்கு செயிலுக்குப் போறேன்னு சொல்லுதேன், அது நியாயம். அந்தச் சிரிச்ச மூஞ்சிகிட்ட போயி கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? அதுக்கு எந்திரம் வந்து என் வேலையப் பாக்கட்டும்."

மேலே காற்றுத் துவாரத்தில் ஏதோ படபடத்தது. "அப்ப கோர்ட்டுக்குப் போவோம்" என்றாள் பிரகாசி.

புதுவல்லத்தில் நீதிபதிகள் இல்லை. ஒரு நீதிப்பொறி இருந்தது. தூண் போன்ற உருவம். அது நிறுவப்பட்ட நாளில் வழக்கறிஞர் ஒருவர் மரியாதைக்காக அதன்மேல் கறுப்பு அங்கியைப் போர்த்திவிட்டார். எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. எந்த வழக்கையும் தீர்க்க அதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். ஆனால் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னதைத் தொடக்கத்தில் மக்கள் நம்பவில்லை. யோசிக்காமல் சொல்கிறது என்றார்கள். அதனால் பிற்பாடு அதற்கு மௌனம் பொருத்தப்பட்டது. சின்ன வழக்குக்குச் சின்ன மௌனம், பெரிய வழக்குக்குப் பெரிய மௌனம். அந்த மௌனங்களுக்காகவே நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்திருந்த மனிதர்களும் உண்டு. அவர்களை எனக்குப் புரிகிறது.

பிரகாசியின் வழக்கு எளிது. அரசு என் கணவனுக்குத் தண்டனை விதித்தது. அதை நிறைவேற்ற மறுக்கிறது.

நடுத்தரமான ஒரு மௌனத்துக்குப் பிறகு நீதிப்பொறி சொன்னது: "விதித்த தண்டனையை நிறைவேற்றாதது குற்றம். பொறுப்பு, துறை அமைச்சருடையது. இதற்குச் சட்டத்தில் உள்ள தண்டனை ஆறு மாதச் சிறைவாசம்."

அமைச்சரின் சகலை கைதட்டினார். அமைச்சர் எழுந்து தலைவணங்கி, "தீர்ப்பை மனமார ஏற்கிறேன்" என்றார். அவர் மனைவி பக்கத்திலிருந்தவளிடம், "ஆறு மாசம்! நான் ரெண்டுதான் எதிர்பார்த்தேன்" என்று பூரித்துப் போனாள்.

"நான் முடிக்கவில்லை" என்றது நீதிப்பொறி. "தண்டனை என்பது தண்டிக்கப்படுபவர் விரும்பாததாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. அமைச்சரின் கைச்சில்லை என்னோடு இணையுங்கள்."

இணைத்தார்கள். அவருடைய நாடித்துடிப்பு ஒரு பச்சைக் கோடாகச் சுவரில் ஓடியது. நீதிப்பொறி ஊரின் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. சிறைச்சாலை: கோடு உறங்கியது. சட்டமன்றம்: அதைவிட ஆழமாக உறங்கியது. அருங்காட்சியகம், மருத்துவமனை, மூன்றாம் குழாய்த் தெரு. லேசான சலனம். நான்கு, ஐந்து, ஆறு. "ஏழாம் குழாய்த் தெரு" என்றதும் கோடு எகிறிக் குதித்தது.

"அங்கேதான்" என்றது நீதிப்பொறி. "ஆறு மாதம். அந்தத் தெருவில் காலியாக உள்ள வீட்டில், அந்தத் தெருவின் காற்றையும் நீரையும் கொண்டு. பதினைந்து நாளில் குடிபோக வேண்டும். அவர் காலி செய்யும் அறையை மிக்கேலுக்கு இன்றே கொடுங்கள்."

மிக்கேல் அன்று மாலையே ஒரு பையோடு சிறைக்குப் போனான். தெருவே வந்து வழியனுப்பியது. "சன்னல் பக்கமாப் பாத்துப் படுக்கைய வாங்கிருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் அறிவுரை சொன்னார்.

அடுத்த பதினைந்து நாளில் ஏழாம் குழாய்த் தெருவில் நடந்ததை அங்கே குடியிருந்தவர்களே சரியாகப் பார்க்கவில்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பினால் தெரு வேறாக இருந்தது. பழைய குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் புதைத்தார்கள். காற்றுத் துவாரங்களுக்கு வடிகட்டி மாற்றினார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். ஒருநாள் பிரகாசி குழாயைத் திறந்தபோது விழுந்த தண்ணீரில் நிறமே இல்லை. பழுதான தண்ணீரோ என்று பயந்து அதை அவள் கொட்டிவிட்டாள். வாய் கழன்ற குறைகேள் எந்திரத்துக்குப் புது வாய் பொருத்தினார்கள். அதனிடம் சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.

அமைச்சர் குடிவந்தார். சோர்ந்த முகத்தோடு வந்தவர், முதல்நாள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

கைதிகளைப் பார்க்க விடும் நாளில் பிரகாசி போனபோது வாசலில் வரிசை இல்லை. எலுமிச்சை வாசனையும் இல்லை. மிக்கேல் கம்பிக்கு அந்தப் பக்கம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க இப்படி இருக்கிய? இங்க நல்லா இருக்கும்னு சொன்னாவ."

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்தாளு போனாரு. பின்னாலயே சமையக்காரரு போனாரு. பராமரிப்பு எந்திரமெல்லாம் வரிசையா நடந்து போச்சு, நானே கண்ணால பாத்தேன். இப்ப தண்ணி செம்மண்ணா வருது பிரகாசி. தாழ்ப்பாளக்கூடக் கழத்திட்டுப் போயிட்டானுவ. எங்க கொண்டு போறியன்னு கேட்டேன். ஏழாம் குழாய்த் தெருவுக்காம்."

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நம்ம வீட்டு கக்கூசுக்குத்தான் போட்டிருக்கு" என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் அவள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனாள். மிக்கேல் அதைக் குடித்துவிட்டு, "இது நம்ம குழாய்த் தண்ணியா?" என்று நம்பாமல் கேட்பான். அவன் தண்டனை முடிய இரண்டு வாரம் இருந்தபோது, கூட இருந்த கைதிகள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டிய இஞ்சினியரும் அவர்களில் இருந்தான். இடம் காலியானதும் அவனுக்கும் கிடைத்திருந்தது.

"அண்ணே, நீங்க போயிருவீங்க. நான் இன்னும் ரெண்டு மாசம் கெடக்கணும். எங்கம்மா பட்டுச் சேலையெல்லாம் கட்டிட்டு வந்து சேத்துவிட்டாங்க" என்று அழாத குறையாகச் சொன்னான்.

மிக்கேல் மனு போட்டான். சிறைத்துறை அமைச்சரைச் சிறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஏழாம் குழாய்த் தெருவில் இது தெரிந்ததும் பெரிய கூட்டம் நடந்தது. கூட்டத்தின் முடிவில் தெருவின் சார்பாக பிரகாசி ஒரு மனு போட்டாள். அமைச்சரை எங்கள் தெருவிலிருந்து எடுக்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் இருந்ததை இருவருமே அறியவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும் கைதியை, தண்டனை முடிந்தாலும் விடுவிக்கக் கூடாது என்பது விதி. விசாரணை நாளன்று, மிக்கேலை அழைத்து வந்த கமருன்னிசாதான் நீதிமன்ற வாசலில் வைத்து அதைச் சொன்னார். அன்றுதான் அவன் தண்டனையின் கடைசி நாள். மறுநாள் காலையில் பனிவண்டிகள் வடக்கே கிளம்புகின்றன.

மன்றம் நிறைந்திருந்தது. கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்றார்கள்.

"கேச வாபஸ் வாங்குங்க" என்றாள் பிரகாசி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நாளைக்கு வண்டி கெளம்புது."

"நீ வாங்கு."

"நான் வாங்கி என்ன? உங்க கேசுதான உங்களுக்குப் பூட்டு. இந்த வண்டிக்காகத்தான் நாலு மாசமா நாயா அலஞ்சேன்."

"உள்ள பதினாறு பேரு இருக்கான் பிரகாசி. செம்மண்ணக் குடிக்கான். நான் எப்படி... நானும்லா அதக் குடிச்சேன்."

"நான் கொண்டுவந்து தந்த தண்ணி எங்க போச்சு?"

"பாதிய அந்த சிக்னல் பய குடிச்சிருதான்."

மன்றம் சிரித்தது. அமைச்சர் தணிகாசலம்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். மக்கள் தன்னை இவ்வளவு விரும்புவது அவருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. "எங்கே அனுப்பினாலும் சேவை செய்யத் தயார்" என்று எழுந்து கைகூப்பினார்.

"இரண்டு மனுக்களும் ஒன்றே" என்றது நீதிப்பொறி. "இருவரும் அமைச்சரைக் கேட்கிறார்கள். தண்ணீரை யாரும் கேட்கவில்லை."

"அமைச்சர் இப்போது ஏழாம் குழாய்த் தெருவை விரும்புகிறார். ஆகவே அது தண்டனை ஆகாது. சில்லை இணையுங்கள்."

மறுபடியும் பச்சைக் கோடு ஓடியது. மறுபடியும் இடங்களின் பெயர்கள். சிறை. மூன்றாம் தெரு. மருத்துவமனையின் பின்கட்டு. சந்தைக்குப் பின்னாலிருக்கும் கழிவுநீர்த் தொட்டி. கோடு அசையவே இல்லை. ஊரில் எஞ்சியிருந்த மோசமான இடங்கள் எல்லாம் தீர்ந்துபோயின. அமைச்சர் புன்னகையோடு இருந்தார். எந்த இடமானாலும் அவர் போய்ச் சேர்வதற்கு முன்னால் அது நல்ல இடமாகிவிடும் என்று அவருடைய நாடிக்கே தெரிந்திருந்தது.

நீதிப்பொறி மௌனமானது. புதுவல்லத்தில் அதுவரை யாரும் கேட்டிராத நீளமான மௌனம். பிரகாசி சுவரில் ஓடும் கோட்டையும் கணவனின் மஞ்சள் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்தக் குரல் வந்தது.

"அடுத்த மாதம்."

கோடு உறங்கியது. இடங்களை விட்டுவிட்டு அது காலத்தைக் கேட்கிறது என்பது கூட்டத்துக்கு மெல்லத்தான் புரிந்தது.

"பதினைந்து நாளில்."

உறக்கம்.

"நாளைக் காலை."

லேசாக ஒரு நெளிவு.

"இப்போது. எங்கே என்று சொல்லாமல்."

கோடு சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அமைச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுதான்" என்றது நீதிப்பொறி. "மீதித் தண்டனைக் காலம் முழுவதும் அமைச்சர் எந்த நேரத்திலும் எந்த இடத்துக்கும் அனுப்பப்படுவார். எங்கே என்று அவருக்கோ அவர் துறைக்கோ முன்கூட்டித் தெரியாது. வழக்கு முடிந்தது."

வழக்கு முடிந்த அந்த நொடியில் மிக்கேலின் சில்லு பச்சையானது. பிரகாசி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "சொக்காய மாத்திட்டு ராவோட ராவா போயி வண்டியில உக்காந்துருங்க. வேற எங்கயும் நியாயம் கேக்கப் போயிராதிய" என்று அவள் சொன்னதைக் கமருன்னிசா கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் புதுவல்லத்துக்காரர்கள் இன்றும் பொற்காலம் என்கிறார்கள். அமைச்சர் எங்கே வந்து இறங்குவார் என்று தெரியாததால் எல்லா இடத்தையும் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதிகாரிகள் திருந்தவில்லை, அவர்களுக்கு வேறு வழி இல்லை. எல்லாத் தெருவிலும் ஒரே நிறத்தில் தண்ணீர் வந்தது. சிறையில் ஏழாம் தெருவைப் போலவே தாழ்ப்பாள் இருந்தது. மேலாகவும் இல்லை, கீழாகவும் இல்லை. அதனால் சிறைக்குப் போக யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இந்தச் சாதனைக்காக அரசு நீதிப்பொறியைக் கௌரவித்தது. அதற்குப் பதவி உயர்வு கொடுத்து, சிறுகோள் மண்டலத்துக்குத் தலைமை நீதிப்பொறியாக மாற்றியது. அங்கே மனிதர்கள் இல்லை. சுரங்க எந்திரங்கள் மட்டுமே இருந்தன. அவற்றுக்குள் வழக்கும் இல்லை. வழியனுப்பு விழாவுக்கு ஊரே திரண்டது. ஏழாம் குழாய்த் தெரு சார்பில் ஆளுயர மாலை போட்டார்கள். கேசரியும் காராபூந்தியும் கொடுத்தார்கள். எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிரகாசி பேசும்போது அழுதுவிட்டாள். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்லவர்கள் மாற்றலாகிப் போவது இயற்கை என்றுதான் அவர்களும், நாம் நினைப்பது போலவே, நினைத்தார்கள்.

புதிதாக வந்த நீதிப்பொறிக்கு விலை குறைவு. அதில் மௌனம் மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. அதனிடம் கொடுக்கப்பட்ட முதல் வழக்கில் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

தண்டனைக் காலம் முடிந்த தணிகாசலம் அடுத்த தேர்தலில் ஊரின் எல்லாத் தெருக்களிலும் அதிக வாக்குகள் பெற்று வென்றார். எல்லாத் தெருவிலும் குடியிருந்த ஒரே வேட்பாளர் அவர்தான். கமருன்னிசா ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். இஞ்சினியருக்குப் போக்குவரத்து விளக்குத் துறையில் வேலை கிடைத்தது. பிரகாசி காற்று நிலையத்தில் மேற்பார்வையாளர் ஆனாள். மிக்கேல் அந்தப் பருவமும் அதற்கடுத்த பருவங்களும் வடக்கே போய்ப் பனி வெட்டினான். திரும்பும்போது வண்டியில் தன் வீட்டுக்கென்று ஒரு பனிப் பாளத்தைத் தனியே வைத்துக் கொண்டுவருவான். ஏழாம் குழாய்த் தெருவில் இப்போது தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.